உரிமம் பறிபோன வீட்டிலே

ஓசூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சூளகிரி வட்டாரத்துச் சிற்றூர்களில் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, சிப்காட் ஆலை வாயிலில் முதல் முறைக்குச் சங்கு ஊதுமுன் இறக்கிவிட வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக ஒரு நாளும் பிந்தியதில்லை, ஒருவர் மீதும் மோதியதில்லை என்று பெயர் எடுத்தவர்.

ஒரு சனிக்கிழமை மாலை எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளியில் நண்பர் வீட்டு விசேஷம். அங்கே குடித்தார். இரவு பத்து மணிக்குத் தம் சொந்த மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார். ஜூஜுவாடியைத் தாண்டியதும் காவலர் கைகாட்டி நிறுத்தினர். சிறு கருவி ஒன்றில் ஊதச் சொன்னார்கள். கருவி 64 என்று காட்டிற்று. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மைத்துனரை வரவழைத்து வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்த பின் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆலோசனைக் கூட்டமே நடந்தது.

“அண்ணா, நாளைக் காலையில் பஸ்ஸை யார் எடுப்பது? லைசென்ஸ் இல்லாமல் இவரைக் கம்பெனியில் சேர்ப்பார்களா?” என்று கலங்கினார் மனைவி.

“கவலைப்படாதே அம்மா. எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். ஏதாவது கொடுத்தால் காரியத்தை முடித்துவிடுவார்” என்றார் அண்ணன்.

“அதெல்லாம் எதற்கு? கோர்ட்டுக்குப் போய், ஆமாம் ஐயா, தப்புத்தான் என்று சொல்லி அபராதத்தைக் கட்டிவிட்டால் அன்றோடு தீர்ந்தது” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“இருமல் மருந்து சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள், மாப்பிள்ளை. யார் கண்டது?” என்றார் இன்னோர் உறவினர்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மெல்லக் கேட்டார்: “இவர் குடித்தது உண்மைதானே, அண்ணா? உண்மை அப்படியிருக்க வழக்காடுவது நியாயமா? வழக்காடாமல் இருந்தால் பிள்ளைகளுக்குச் சோறு எப்படி?”

குடும்பம் கற்பனைதான். ஆயினும் ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை, நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி எத்தனை திண்ணைகளில் எழுந்திருக்கும்! அதற்கு விடை காண, திண்ணையில் சொல்லப்பட்ட மூன்று ஆலோசனைகளையும் சட்டத்தின் முன்னும் மனச்சாட்சியின் முன்னும் நிறுத்திப் பார்ப்போம்.

சட்டம் வகுத்த அளவு

1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு குடிபோதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்னும் மதுச்சாரம் இருக்குமானால் குற்றம். தள்ளாடினாரா, உளறினாரா என்பது கேள்வியே அன்று. மொபெட்டில் சென்றவருக்கும் பதினாறு சக்கர லாரியில் சென்றவருக்கும் அளவு ஒன்றே. இது நடுவண் சட்டமாதலால், எல்லைக்கு இப்பால் ஒரு நீதியும் அப்பால் ஒரு நீதியும் இல்லை. அத்திப்பள்ளியில் பிடிபட்டால் வழக்கு கர்நாடக நீதிமன்றத்துக்குப் போகும், ஜூஜுவாடியில் பிடிபட்டால் நம் மாவட்ட நீதிமன்றத்துக்கு வரும். வேறுபாடு அவ்வளவே.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனை கடுமையாயிற்று. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஓர் இரவில் நேர்ந்த இந்த ஒரே குற்றத்துக்கு இரண்டு தனித்தனி விசாரணைகள் உண்டு. ஒன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், மற்றொன்று நீதிமன்றத்தில். ஒன்றில் காரியம் முடிந்தால் மற்றதும் முடிந்ததாகாது. இதை உணராமல்தான் பலர் ஏமாறுகின்றனர்.

போக்குவரத்து அலுவலகத்தில்

காவலருக்கு உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் உண்டு. 206ஆம் பிரிவில் 2019இல் சேர்க்கப்பட்ட நான்காம் உட்பிரிவு அதை அளிக்கிறது. வாங்கிய உரிமத்தை அவர் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தற்காலிக ஒப்புகைச் சீட்டு ஒன்றையும் தர வேண்டும். அந்தச் சீட்டு உரிமத்தை ஒப்படைத்ததற்கு அடையாளம் மட்டுமே. அதைக் காட்டி வண்டி ஓட்ட இயலாது. நம் கதையின் ஓட்டுநர் திங்கட்கிழமை அச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தை எடுத்தால், அது முன்னதைவிடப் பெரிய தவறாகிவிடும்.

உரிமத்தை முடக்கும் அதிகாரமோ காவலருக்கு இல்லை. அது உரிமம் வழங்கும் அதிகாரிக்கே உரியது. வேகமாக ஓட்டியதாகப் பிடிபட்ட ஒருவரின் உரிமத்தைப் போக்குவரத்துக் காவல் அலுவலரே முடக்கிய வழக்கொன்றில் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2022இல் இதைத் தெளிவாக்கியது.

அந்த அதிகாரியும் நினைத்தபடி செய்ய முடியாது. 19ஆம் பிரிவின்படி, உரிமம் உடையவருக்குத் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்த பின்னரே அவர் முடிவெடுக்க வேண்டும். முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். கேட்டறிந்த பின் குற்றம் இல்லை என்று கண்டால் விடுவிக்கலாம். குற்றம் உண்டென்று கண்டால், முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதியிழப்பு. மறுமுறையானால் உரிமமே ரத்து. தகுதியிழப்புக் காலம் முடிந்ததும் உரிமம் தானே வந்துவிடாது. ஓட்டுநர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

மூன்று மாதம் என்ற கணக்கு திடீரென வந்ததன்று. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, குடித்துவிட்டு ஓட்டுவோரின் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் முடக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்பதை எண்ணினால், அந்தக் கண்டிப்பைக் குறைகூற மனம் வராது. ஆனால் அக்கண்டிப்பும் விசாரணை என்னும் படியைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆகவே அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தால் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். குறித்த நாளில் நேரில் செல்லுங்கள். பதிலை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். எத்தனை ஆண்டுகள் ஓட்டியவர், இதற்குமுன் குற்றம் உண்டா, வேலை எத்தகையது என்பவற்றை ஆதாரத்தோடு எழுதுங்கள். எல்லா வகை வண்டிகளுக்குமோ, உரிமத்தில் கண்ட சில வகைகளுக்கு மட்டுமோ தகுதியிழப்பை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. மோட்டார் சைக்கிளில் பிடிபட்ட பேருந்து ஓட்டுநர் இதைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. ஆயினும் கேட்டால்தான் அவர் எண்ணிப் பார்ப்பார்.

ஆணையில் மனநிறைவு இல்லையானால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆணை கிடைத்த நாளைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம். மேல்முறையீடு போட்டதாலேயே வண்டி ஓட்டும் உரிமை வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. மேல்முறையீட்டு அதிகாரியின் முடிவே இவ்வழியில் இறுதியானது.

நீதிமன்றத்தில்

இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் ஆலோசனைக்கு வருவோம். “அபராதத்தைக் கட்டிவிட்டால் அன்றோடு தீர்ந்தது” என்றார் அல்லவா? தீராது என்பதே உண்மை.

தலைக்கவசம் அணியாதது போன்ற சில குற்றங்களுக்குச் சாலையிலேயே அபராதம் செலுத்தி முடித்துக்கொள்ள வழி உண்டு. 185ஆம் பிரிவுக் குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. நீதித்துறை நடுவர் முன் நின்றே ஆக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு இன்னொன்றும் வருகிறது. 185ஆம் பிரிவில் தண்டனை பெற்றவரை ஆறு மாதத்துக்குக் குறையாமல் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவராக நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. அலுவலகத்தில் மூன்று மாதம் என்று கணக்கிட்டு, நீதிமன்றத்தில் விவரம் அறியாமல் தலையசைத்தவர், ஆறு மாதம் வேலையின்றி வீட்டில் இருக்க நேரிடலாம். மேலும், இந்தத் தண்டனை பதிவாகிவிடுவதால், மறுமுறை பிடிபடும்போது அது இரண்டாம் குற்றமாகிவிடும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது இதன் பொருளன்று. விளைவை அறிந்து, வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபின் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். நீதிமன்றம் விதித்த தகுதியிழப்பை நீக்கவோ மாற்றவோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தகுதியிழப்புக் காலத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வண்டியை எடுப்பவருக்கு 182ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தமிழ்நாட்டில் முடக்கப்பட்டால் கர்நாடகத்தில் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லையோர ஊர்களில் சிலர் பேசுவதுண்டு. அதுவும் வீண் எண்ணம். தகுதியிழந்தவர் அக்காலத்தில் உரிமம் வைத்திருக்கவும் கூடாது, புதிதாகப் பெறவும் கூடாது என்பதே சட்டம்.

எதை எதிர்த்து வாதிடலாம்?

கருவியும் மனிதன் செய்ததே. நடைமுறையும் மனிதர் கையில் உள்ளதே. இரண்டிலும் தவறு நேரலாம். அவற்றைச் சுட்டிக்காட்டுவது குடிமகனின் உரிமை.

இரத்தத்திலுள்ள மதுச்சாரம் நுரையீரல் வழியாக மூச்சில் கலக்கிறது. மூச்சிலுள்ள அளவைக் கொண்டு இரத்தத்தின் அளவைக் கருவி கணிக்கிறது. மதுச்சாரம் கலந்த இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ பயன்படுத்திய உடனே ஊதினால், வாயில் தங்கிய மதுச்சாரம் எண்ணை உயர்த்திக் காட்டும். கால் மணி நேரத்தில் அது கலைந்துவிடும். ஆதலால், உண்மையிலேயே மருந்து உட்கொண்டவர் அந்த இடத்திலேயே அதைச் சொல்லி, சிறிது நேரம் பொறுத்து மறுமுறை ஊத அனுமதி கேட்க வேண்டும். கருவி முறையாகச் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதா, அச்சிட்ட சீட்டில் நாளும் நேரமும் பெயரும் பொருந்துகின்றனவா என்பவையும் கேட்கத் தக்க கேள்விகளே.

கைது செய்யப்பட்டால் வேறு பாதுகாப்புகளும் உண்டு. 185ஆம் பிரிவில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு கூறுகிறது. கைதான செய்தியை உறவினர் ஒருவருக்குத் தெரிவிப்பது காவலரின் கடமை. இது பிணையில் விடத்தக்க குற்றம். ஆகவே பிணை கேட்பது சலுகையன்று, உரிமை. ஊத மறுப்பது மட்டும் புத்திசாலித்தனமன்று. தகுந்த காரணமின்றி மறுத்தால் அதுவே மறுத்தவருக்கு எதிரான சான்றாக நிற்கக்கூடும்.

1971இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விபத்து வழக்கொன்று நினைவில் கொள்ளத் தக்கது. ஓட்டுநரின் வாயில் மது வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு அவர் குடிபோதையில் இருந்தார் என்ற முடிவுக்கு வர இயலாது, இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. சான்றில்லாமல் தண்டிக்கக் கூடாது என்ற நெறி அதில் விளங்குகிறது. ஆனால் அதைக் கேடயமாகக் கொண்டு எல்லாவற்றிலும் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வண்டிக் காப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கொன்றில், மூச்சு, இரத்தச் சோதனைகள் இல்லாவிடினும் ஓட்டியவர் போதையில் இருந்ததை வேறு சான்றுகளால் காப்பீட்டு நிறுவனம் மெய்ப்பிக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2021இல் கூறியிருக்கிறது.

மனச்சாட்சியின் கேள்வி

இனி அந்த மனைவியின் கேள்விக்கு வருவோம். குடித்தது உண்மையாயிருக்க, வழக்காடுவது நியாயமா?

விசாரணை என்பது குற்றமற்றவருக்கு மட்டும் உரிய சலுகையன்று. குற்றம் செய்தவருக்கும் தம் சொல் கேட்கப்பட வேண்டும் என்ற உரிமை உண்டு. தவறுக்கு ஏற்ற அளவில் தண்டனை அமைய வேண்டுமானால், தண்டிப்பவர் முழு விவரத்தையும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா? அதிகாரியின் முன் நின்று, “ஐயா, இது என் நிலை. இதைக் கருத்திற்கொண்டு முடிவு செய்யுங்கள்” என்று கேட்பதில் பாவமும் இல்லை, இழிவும் இல்லை. காவலரோ அதிகாரியோ நடைமுறையை மீறியிருந்தால் அதைச் சொல்வதும் தகும். இன்று குடித்தவரிடம் மீறப்பட்ட நடைமுறை நாளை குடிக்காதவரிடமும் மீறப்படும்.

ஆனால் வழக்காடுவது வேறு, பொய்யாடுவது வேறு. குடிக்காத இருமல் மருந்தைக் குடித்ததாகச் சொல்வது பொய்ச் சான்று. அதற்கு உடன்படும் உறவினர் ஒவ்வொருவரும் அதில் பங்காளிகள். “தெரிந்த ஆள்” மூலம் பணம் கொடுத்து முடிப்பதோ இரட்டைக் குற்றம். கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. கொடுத்த பணத்துக்கு ரசீதும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. வீட்டில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், தவறு செய்தால் விலை கொடுத்துத் தப்பலாம் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். மூன்று மாதச் சம்பளத்தைவிட அது பெரிய இழப்பு.

“யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே!” என்ற சமாதானமும் செல்லாது. உத்தரப் பிரதேசத்தில் ஆயுதக் காவல் படையினரை ஏற்றிச் சென்ற லாரியின் ஓட்டுநர், மதுவருந்திய நிலையில் ஜீப் ஒன்றில் மோதினார். உயிர்ச்சேதம் இல்லை. பணிநீக்கத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 2022 சனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. உயிரிழப்பு நேராதது நற்பேறுதான், அதைக் காட்டிக் குற்றத்தை மன்னிக்க இயலாது என்ற கருத்தை நீதிபதிகள் தெரிவித்தனர். அதே வேளையில், இருபத்தைந்து ஆண்டுப் பணியையும் விபத்தின் சிறுமையையும் எண்ணி, பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றினர். அதற்குள் அந்த ஓட்டுநர் காலமாகிவிட்டார். பயன் குடும்பத்துக்கே சென்றது. குற்றம் குற்றமே என்ற உறுதியும், ஏற்ற அளவுக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்ற கனிவும் ஒரே தீர்ப்பில் நிற்பதைக் காண்கிறோம். நம் மனச்சாட்சிக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.

திருச்சபையின் போதனையும் இதில் மௌனமாயில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, குடிவெறியாலோ வேக மோகத்தாலோ சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பதைக் கனமான குற்றமாகக் கருதுகிறது. அதே ஏடு, பொய்ச் சான்றையும் கண்டிக்கிறது. முதல் தவறை மறைக்க இரண்டாவதைச் செய்வது எவ்வகையிலும் பொருந்தாது.

மூன்று மாதத்துச் சோறு

நியாயம் பேசினால் அடுப்பு எரியுமா என்று கேட்கலாம். உண்மைதான். அதற்கும் வழி காண வேண்டும்.

முதலாவது, முதலாளியிடம் மறைக்காதீர்கள். உரிமம் இல்லாத ஓட்டுநரை வைத்துப் பேருந்து ஓட்டினால் நிறுவனமும் சிக்கலில் மாட்டும். தாமே முன்வந்து சொல்பவருக்கு, மூன்று மாதம் கிடங்கிலோ பணிமனையிலோ மாற்று வேலை கேட்க வாயிருக்கும். பிறர் சொல்லித் தெரிந்தால் அந்த வாயும் அடைபடும்.

இரண்டாவது, வழக்குச் செலவுக்காக வட்டிக்கு வாங்காதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். தொழிற்பேட்டை ஊரில் இந்த உதவிக்குத் தகுதியுள்ளோர் எத்தனை ஆயிரம் பேர்! அறியாமையால் தரகர் வாசலில் நிற்கிறோம்.

அந்த ஓர் இரவு மட்டுந்தானா?

கடைசியாக, ஆனால் முதன்மையாக, ஒரு கேள்வியைக் குடும்பத்துக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பிடிபட்டது ஓர் இரவு. பிடிபடாத இரவுகள் எத்தனை?

உடல் மதுச்சாரத்தைக் கரைக்கும் வேகம் ஏறக்குறைய மணிக்கு 15 மில்லிகிராம். மோரும் எலுமிச்சைச் சாறும் காப்பியும் குளிர்ந்த நீர்க் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டமாட்டா. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் இரத்தத்தில் 150 மில்லிகிராம் இருந்தால், அது 30க்கு இறங்கக் காலை ஏழு மணியாகும். நம் ஓட்டுநரின் பேருந்தோ ஐந்து மணிக்கு முன்பே புறப்பட்டுவிடுகிறது. தூங்கி எழுந்தேன், தெளிந்துவிட்டது என்று அவர் நம்பலாம். பின்னால் அமர்ந்து தூங்கி வழியும் நாற்பது தொழிலாளருக்கும் அவரவர் வீட்டில் மனைவி மக்கள் உண்டு.

இந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில், நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்தே சென்றது. அதில் 2016 டிசம்பர் 15ஆம் நாள், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் சிற்றூர்களுக்குத் தூரம் குறைக்கப்பட்டு, விலக்குகளும் சேர்ந்தன. கடையைத் தள்ளி வைக்கச் சட்டத்தால் முடியும். கையை விலக்கிக்கொள்வது மனிதனால்தான் முடியும்.

அக்கை தானே விலகாத நிலை வந்திருந்தால் அது நோய். நோய்க்கு மருத்துவம் உண்டு. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை, குடிநோயாளியோடு அவர் குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்கு அழைக்கின்றன. 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். உரிமம் இல்லாத மூன்று மாதத்தை வெறுமையாகக் கழிப்பதைவிட, சிகிச்சைக்குக் கிடைத்த விடுமுறையாகக் கொள்ளலாமே!

திண்ணைக்குத் திரும்புவோம். அந்த மனைவிக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: “வழக்காடுங்கள், அம்மா. ஆனால் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடுங்கள். உங்கள் கணவரோடு நீங்களும் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். குடித்ததை அவர் மறுக்க வேண்டாம். பதினைந்து ஆண்டு உழைப்பைச் சொல்லட்டும். நடைமுறையில் பிழை இருந்தால் அதையும் பணிவோடு சுட்டிக்காட்டட்டும். இனிக் குடிக்காமலிருக்க என்ன செய்கிறார் என்பதையும் சொல்லட்டும்.”

அதிகாரி என்ன ஆணையிடுவார் என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று மாதம் முழுவதும் வீட்டில் இருக்கவே நேரலாம். அப்படி நேர்ந்தாலும், விடியற்காலையில் அப்பா மீண்டும் பேருந்தை எடுக்கும் நாளில், “தைரியமாக ஏறலாம், அப்பாதான் ஓட்டுகிறார்” என்று பிள்ளைகள் பிறரிடம் சொல்லக்கூடிய நிலை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை எந்த அலுவலகமும் முத்திரையிட்டுத் தர முடியாது. அதை வீட்டில்தான் ஈட்ட வேண்டும்.